கைநாட்டுக்கு முடிவு கட்டுவோம்

சம்பள நாளன்று ஆலை வாசலில் சற்று நேரம் நின்று பாருங்கள். சம்பளச் சீட்டைக் கையில் வாங்கிய தொழிலாளிகளில் சிலர் அங்கேயே நின்று வரி வரியாகப் பார்க்கிறார்கள். வேலை செய்த நாள் எத்தனை, பிடித்தம் எவ்வளவு என்று விரல் விட்டு எண்ணுகிறார்கள். வேறு சிலர் சீட்டை நான்காக மடித்து மடியில் செருகிக்கொண்டு நடக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்கில் அக்கறை இல்லையா? உண்டு. மற்றவர்களைவிடக் கூடுதலாகவே உண்டு. ஆனால் அந்தச் சீட்டில் உள்ளதை அவர்களால் படிக்க முடியாது. அதுதான் காரணம்.

வயல் பக்கம் வாருங்கள். நடவும் களை பறிப்பும் நடக்கிற காலத்தில் ஒரு பெண் எத்தனை நாள் சேற்றில் இறங்கினாள் என்பது மேஸ்திரியின் நோட்டில் இருக்கிறது. அவளிடம் நோட்டு இல்லை. வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டு வைத்திருக்கிறாள். கூலி கொடுக்கும் நாளில் தகராறு வந்தால் நோட்டு ஜெயிக்கிறது, கரிக்கோடு தோற்கிறது. கரிக்கோடு பொய் சொன்னதா? இல்லை. எழுத்துக்கு இருக்கிற மதிப்பு கோட்டுக்கு இல்லை.

முதியோர் கல்வியைப் பற்றி இந்த வாரம் நாம் எழுதுவது இதனால்தான். இதைச் சிலர் தான தருமமாகப் பார்க்கிறார்கள். சிலர் ஓய்வு நேரப் பொழுதுபோக்காகப் பார்க்கிறார்கள். நாம் இதைக் கூலிப் பிரச்னையாகப் பார்க்கிறோம். உழைப்பவன் தன் உழைப்பின் கணக்கைத் தன் கண்ணால் பார்க்கும் உரிமையாகப் பார்க்கிறோம்.

பெருவிரலின் கதை

எழுத்தறியாமை உழைப்பாளி மக்கள் விரும்பித் தேடிக்கொண்டதல்ல. ஆண்டை வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூடம் போனபோது பண்ணையாள் வீட்டுப் பிள்ளை மாடு மேய்க்கப் போனான். சேரிப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தின் வாசல்படியே மறுக்கப்பட்ட காலம் இருந்தது. கணக்கு எழுதுகிறவர் ஒரு பக்கம், கணக்கில் எழுதப்படுகிறவர் மறு பக்கம் என்று ஊர் பிரிந்து கிடந்தது. அப்பன் வாங்கிய கடன் என்று ஒரு சீட்டை நீட்டுவார்கள். அதில் நூறு என்று இருக்கிறதா, ஆயிரம் என்று இருக்கிறதா என்று பார்க்க மகனுக்குத் தெரியாது. அவன் தன் பெருவிரலில் மை தடவி, இன்னொரு தலைமுறையை அடகு வைப்பான். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் வந்தது. ஆனால் வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்கும் வழக்கம் சட்டத்தைக் கண்டு உடனே ஓடிவிடவில்லை. செங்கல் சூளையிலும் கல் குவாரியிலும் கரும்பு வெட்டிலும் முன்பணம் என்ற பெயரில் அது வேறு வேஷம் போட்டு வந்தது.

இன்று பெருவிரலுக்குப் புதிய வேலை வந்திருக்கிறது. தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2020-ல் கைரேகை இயந்திரம் வந்தது. கிராமத்தில் பணம் எடுத்துக் கொடுக்கும் வங்கி முகவரும் விரலை வைக்கச் சொல்கிறார். படித்தவரும் ரேகை வைக்கிறார், படிக்காதவரும் ரேகை வைக்கிறார். இருவரும் சமம் ஆகிவிட்டார்களா? இல்லை. படித்தவர் இயந்திரத்தின் சின்னத் திரையில் என்ன தொகை வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டு விரலை வைக்கிறார். படிக்காதவர் முகவரின் முகத்தைப் பார்த்துவிட்டு வைக்கிறார். சம்பளம் வங்கிக்குப் போகிறது, இனி யாரும் ஏமாற்ற முடியாது என்றார்கள். ஏ.டி.எம். அட்டையையும் அதன் ரகசிய எண்ணையும் இன்னொருவர் கையில் கொடுத்துப் பணம் எடுத்து வரச் சொல்லும் நிலையில் ஒருவர் இருந்தால், அந்தச் சம்பளம் உண்மையில் யார் கையில் இருக்கிறது?

இயந்திரம் புதியது. ஏமாற்று பழையது.

சம்பளச் சீட்டே பாடப்புத்தகம்

எழுத்துக் கற்பது தொழிலாளியின் வாழ்க்கையில் என்ன மாற்றத்தைச் செய்யும்? பேச்சாகச் சொல்லாமல் கணக்காகவே பார்ப்போம்.

ஒரு பஞ்சாலைத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேமநிதிக்கு நூற்றுக்கு 12 வீதம் 1,440 ரூபாய் பிடிக்கப்படும். அதே அளவு தொகையை முதலாளி தன் பங்காகச் செலுத்த வேண்டும். ஈ.எஸ்.ஐ. மருத்துவத்துக்குத் தொழிலாளியின் பங்கு நூற்றுக்கு முக்கால், அதாவது 90 ரூபாய். முதலாளியின் பங்கு நூற்றுக்கு மூன்றேகால், அதாவது 390 ரூபாய். இவ்வளவுதான் கணக்கு. முதலாளியின் பங்கையும் சேர்த்துத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடிப்பது சட்டவிரோதம். பிடித்த பணத்தைச் செலுத்தாமல் வைத்துக்கொள்வது அதைவிடப் பெரிய குற்றம். ஆனால் இந்த நான்கு எண்களையும் படிக்கத் தெரியாதவருக்குத் தன் பணம் போனதே தெரியாது. போனது தெரியாதவர் எதைக் கேட்டுப் போராடுவார்?

ஓவர்டைம் கணக்கைப் பாருங்கள். மாதம் 26 நாள் வேலைக்கு 12,000 என்றால் நாளுக்குச் சுமார் 461 ரூபாய். எட்டு மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்குச் சுமார் 57 ரூபாய் 69 காசு. ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி என்பது 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்திலிருந்தே தொழிலாளிக்கு உள்ள உரிமை. ஆகவே மணிக்குச் சுமார் 115 ரூபாய் வர வேண்டும். ஒற்றைக் கூலி போட்டுக் கொடுத்தால், மாதம் 20 மணி நேரம் கூடுதலாக வேலை செய்தவர் இழப்பது ஆயிரத்து நூறு ரூபாய்க்கு மேல். ஒரு வீட்டின் பல நாள் அரிசியும் பருப்பும் அந்தப் பணத்தில் இருக்கிறது.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட கூலிச் சட்டத் தொகுப்பும், சம்பளச் சீட்டு கொடுக்க வேண்டும் என்று சொல்கிறது. அன்று கொண்டுவரப்பட்ட நான்கு தொகுப்புகளிலும் தொழிலாளிகளின் பழைய உரிமைகளை வெட்டும் பகுதிகள் பல உண்டு. அவற்றை எதிர்ப்பது வேறு. ஆனால் எழுதப்பட்டிருக்கும் உரிமையை வாங்கிக்கொள்ளாமல் விடுவது புத்திசாலித்தனமல்ல. சீட்டைக் கேட்டு வாங்குவோம். வாங்கிய சீட்டைப் படிப்போம். படிக்கத் தெரியாத தோழருக்குப் படிக்கச் சொல்லித் தருவோம்.

புதுக்கோட்டை காட்டிய வழி

இது நடக்கிற காரியமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நாம் வெகுதூரம் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. 1991, 1992-ம் ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. வானம் பார்த்த பூமி. கல் உடைப்பும் விவசாயக் கூலியும்தான் பெரும்பாலான ஏழைப் பெண்களுக்குப் பிழைப்பு. அங்கே ஆயிரக்கணக்கான இளைஞர்களும் பெண்களும் சம்பளம் வாங்காத தொண்டர்களாக முன்வந்து, மாலை நேரத்தில் திண்ணைகளிலும் தெருவிளக்கின் கீழும் வகுப்பு நடத்தினார்கள். கலைக்குழுக்கள் ஊர் ஊராகப் போய்ப் பாட்டாலும் நாடகத்தாலும் மக்களைக் கூட்டின.

அந்த இயக்கம் அ, ஆ என்பதோடு நின்றுவிடவில்லை. அதில்தான் அதன் பெருமை இருக்கிறது. பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். அப்போது அங்கே கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதை ஊக்குவித்தார். சைக்கிள் வாங்க வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு ஆயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றார்கள் என்று பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். பலர் குறுக்குக் கம்பி உள்ள ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்கள். அந்தக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் அல்லவா? தண்ணீர்க் குடத்தைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார்கள். பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காமல் வேலைக்கும் சந்தைக்கும் போய் வந்தார்கள். கேலி பேசியவர்கள் பேசினார்கள். சைக்கிள் நிற்கவில்லை.

கல் குவாரியிலும் மாறுதல் வந்தது. ஒப்பந்ததாரரிடம் கடன்பட்டு, அவர் சொன்ன கணக்குக்குக் கல் உடைத்துக்கொண்டிருந்த பெண்களின் குழுக்களுக்கே குவாரிக் குத்தகை கொடுக்கப்பட்டது. எத்தனை லோடு ஏறியது, என்ன விலை, யாருக்கு எவ்வளவு என்று எழுதும் நோட்டு அவர்கள் கைக்கு வந்தது. பழைய ஒப்பந்ததாரர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்த்தார்கள். குத்தகையைத் திரும்பப் பிடிக்க என்னவெல்லாம் செய்யலாமோ செய்தார்கள். எழுத்துக் கற்ற கூலிப் பெண்ணைப் பார்த்து யாருக்கு வயிறு எரிந்தது என்பதைப் பார்த்தாலே, அந்த எழுத்தின் மதிப்பு விளங்கும்.

அண்டை ராஜ்யத்திலும் இதே கதைதான். ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் துபகுண்டா என்ற கிராமம். எழுத்தறிவு வகுப்பின் பாடப்புத்தகத்தில், சாராயத்தை எதிர்த்து ஊரைத் திரட்டிய ஒரு பெண்ணின் கதை இருந்தது. அதைப் படித்த கூலிக்காரப் பெண்கள் யோசித்தார்கள். நம் ஊரில் மட்டும் ஏன் முடியாது என்று கேட்டார்கள். சாராயக் கடையை மறித்தார்கள். 1992-ல் அந்தக் கிளர்ச்சி மாவட்டம் முழுவதும் பரவி, பிறகு மாநிலம் முழுவதும் பரவியது. 1993 அக்டோபர் 1-ந் தேதி ஆந்திர சர்க்கார் சாராய விற்பனையைத் தடை செய்ய நேர்ந்தது. பாடப்புத்தகத்தின் ஒரு பாடம், வீடு வந்து சேராமல் வழியிலேயே கரைந்துபோன கூலியை வீட்டுக்குக் கொண்டுவரும் போராட்டத்துக்கு விதையாயிற்று.

எழுத்தறிவை உழைப்பாளியின் வேலையோடும் கூலியோடும் கட்டினால்தான் அது வேர் பிடிக்கும். இந்த இரண்டு ஊர்களும் நமக்குச் சொல்வது அதுதான்.

படித்தால் கூலி உயருமா?

இந்தக் கேள்வியை நம் தோழர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பட்டம் பெற்றவர்களே வேலையில்லாமல் அலையும் நாட்டில், கையெழுத்துப் போடக் கற்றதால் மட்டும் எந்த முதலாளியும் கூலியை உயர்த்திவிட மாட்டார். இதை ஒளிக்காமல் சொல்கிறோம். எழுத்து தனியாகக் கூலியை உயர்த்தாது. சங்கம்தான் உயர்த்தும். ஆனால் சங்கத்தின் ஒப்பந்தத்தைத் தானே படிக்கிற உறுப்பினர் இருக்கும் சங்கம் ஒன்று. தலைவர் படித்துச் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டும் உறுப்பினர் மட்டுமே இருக்கும் சங்கம் வேறொன்று. முன்னதை ஏமாற்றுவது கஷ்டம். முதலாளிக்கும் கஷ்டம், பொறுப்பில்லாத தலைவருக்கும் கஷ்டம். சங்கத்தின் வரவு செலவைச் சாதாரண உறுப்பினர் புரட்டிப் பார்க்க முடிந்தால்தான் அது ஜனநாயக ஸ்தாபனம்.

பன்னிரண்டு மணி நேரம் உழைத்துவிட்டு வந்தவன் எப்படிப் படிப்பான் என்பது இன்னொரு கேள்வி. இதுவும் நியாயமானதே. ஆகவேதான் படிப்பு நேரத்தையும் ஒரு கோரிக்கையாக வைக்க வேண்டும் என்கிறோம். எட்டு மணி வேலை என்பது ஓய்வுக்காக மட்டும் கேட்கப்பட்டதல்ல. மனிதனாக வாழ்வதற்காகக் கேட்கப்பட்டது.

சர்க்கார் போடும் கணக்கு

1951-ம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்கில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்குச் சுமார் 18 பேர். 2011-ல் நூற்றுக்குச் சுமார் 73 பேர். இது மக்கள் போராடியும் தியாகம் செய்தும் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியதன் பலன். ஆனால் அதே 2011 கணக்கின்படி, 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் எழுத்தறியாதவர்கள் 25 கோடியே 76 லட்சம் பேர். அவர்களில் பெண்கள் மட்டும் 16 கோடியே 68 லட்சம். அதாவது கிட்டத்தட்ட மூன்றில் இரண்டு பங்கு.

பின்னர் நடந்த திட்டங்களில் கற்றவர்களைக் கழித்த பிறகும் 18 கோடிப் பேருக்கு மேல் மிச்சம் என்று மத்திய சர்க்காரே சொல்லிற்று. அப்படியிருக்க, 2022 முதல் 2027 வரை அது வகுத்த புதிய எழுத்தறிவுத் திட்டத்தின் இலக்கு 5 கோடிப் பேர். ஒதுக்கீடு, மாநிலங்களின் பங்கும் சேர்த்து, 1,037 கோடியே 90 லட்சம் ரூபாய். வகுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு 208 ரூபாய்கூட முழுசாக வரவில்லை. மீதி 13 கோடிப் பேருக்கு அதுவும் இல்லை. பாடம் சொல்லித் தருகிறவர்கள் சம்பளமில்லாத தொண்டர்கள்.

தொண்டர்களை நாம் போற்றுகிறோம். ஆனால் தொண்டரின் நல்ல மனதைக் காட்டி சர்க்கார் தன் பொறுப்பைக் கழற்றிவிடுவதை ஏற்க மாட்டோம்.

கற்றது மறக்காமல் இருக்க

அறிவொளி இயக்கம் நடந்த பல மாவட்டங்களில் ஒரு சோகமும் நடந்தது. முழு எழுத்தறிவு வந்துவிட்டது என்று விழா எடுத்தார்கள். பிறகு வகுப்புகள் தேய்ந்தன. படிக்கப் புத்தகம் இல்லை, எழுத வேலை இல்லை. கற்றவர் பலர் மறந்தார்கள். பூட்டி வைத்த அரிவாள் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்?

இந்தத் துருவைத் தடுக்கும் வழியைக் கண்ணூர் பீடித் தொழிலாளிகள் வெகுகாலத்துக்கு முன்பே கண்டுபிடித்தார்கள். கை பீடி சுற்றும், காது சும்மாத்தானே இருக்கிறது? ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிப்பார். அவர் சுற்ற வேண்டிய பீடியை மற்றவர்கள் பங்கு போட்டுச் சுற்றிக் கொடுப்பார்கள். 1969-ல் தொழிலாளிகளின் கூட்டுறவாக உருவான கேரள தினேஷ் பீடியிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. கேட்டவர் பிறகு தானே வாசிக்க ஆசைப்பட்டார். வாசித்ததைப் பற்றி வாதாடினார்.

கியூபா 1961-ல் ஒரே ஆண்டில் 7 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு எழுத்தறிவித்தது. பள்ளிப் பிள்ளைகள் கிராமங்களுக்குப் போய், பகலில் விவசாயிகளோடு வேலை செய்து, இரவில் லாந்தர் வெளிச்சத்தில் பாடம் சொன்னார்கள். கண் மங்கியவர்களுக்குக் கண்ணாடி கொடுத்தார்கள். அந்த நாடு அதோடு நின்றுவிடவில்லை. கற்றவர்களை ஆறாம் வகுப்புத் தரம் வரை கொண்டுபோகத் தொடர் வகுப்புகளை நடத்தியது. விழாவுக்கு மறுநாள்தான் உண்மையான வேலை தொடங்குகிறது என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

நாம் செய்ய வேண்டியது

சர்க்கார் செய்யட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதில்லை. ஆலைச் சங்கக் கிளைகளும் விவசாயத் தொழிலாளர் சங்கக் கிளைகளும் உடனே தொடங்கலாம்.

ஒவ்வொரு கிளையும் ஒரு வகுப்பு நடத்தட்டும். பத்துப் பேர் போதும். ஷிப்டு வாரத்துக்கு வாரம் மாறுவதால், ஆலைப் பகுதிகளில் ஒரே பாடத்தைக் காலையிலும் மாலையிலும் நடத்தட்டும். இல்லாவிட்டால் இரவு ஷிப்டுக்காரருக்குப் பாதிப் பாடம் போய்விடும்.

பாடத்தை அணில், ஆடு என்று தொடங்க வேண்டாம். படிக்க வருகிறவர் குழந்தையல்ல. கூலி, பட்டா, சங்கம், பாக்கி என்று தொடங்குங்கள். சம்பளச் சீட்டு, வங்கிப் புத்தகம், ரேஷன் அட்டை, போனில் வரும் சேமநிதிச் செய்தி ஆகியவையே பாடப்புத்தகங்கள். எழுத்தோடு கணக்கையும் சேர்த்தே சொல்லிக்கொடுங்கள். ஒவ்வொருவரும் ஒரு சின்ன நோட்டு வைத்து, தேதியும் வேலை நேரமும் வாங்கிய பணமும் தினம் எழுதட்டும்.

பாடம் சொல்லித் தர வரும் இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் முன் உட்கார்ந்திருப்பவர் உங்களைவிட வாழ்க்கையில் அதிகம் கற்றவர். அண்ணே, அக்கா, ஐயா, அம்மா என்று கூப்பிடுங்கள். தப்பு எழுதினால் சிரிக்காதீர்கள். ஒரு சிரிப்பில் திண்ணை காலியாகிவிடும். அறுந்த இழையைக் கண் மூடித் திறப்பதற்குள் ஒட்டும் விரல்களுக்கு முதல் வாரத்தில் பென்சில் கனக்கும். பொறுமையாக இருங்கள். நாற்பது வயது தாண்டியவருக்கு எழுத்து மண்டையில் ஏறவில்லை என்று சொல்வதற்கு முன், வெள்ளெழுத்தா என்று பாருங்கள். பலருக்கு வேண்டியது ஒரு கண்ணாடிதான்.

பெண்கள் வராவிட்டால் வகுப்பு பாதி வகுப்புதான். வயலில் வேலை, வீட்டில் அடுப்பு, இடுப்பில் பிள்ளை என்று இருப்பவள் எப்போது வருவாள்? வகுப்பு நேரத்தில் அடுப்பையும் பிள்ளையையும் புருஷன் பார்த்துக்கொள்ளட்டும். பெண் விடுதலை பற்றி மேடையில் பேசும் தோழர்களுக்கு இது நல்ல பரீட்சை.

ஊர்த் தெருவுக்கு ஒன்று, சேரிக்கு ஒன்று என்று வகுப்பைப் பிரிக்காதீர்கள். ஒரே பாயில் உட்கார்ந்து படிக்க முடியாதவர்கள் ஒரே கொடியின் கீழ் நிற்பது எப்படி? பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் ஆலைகளுக்கு வந்திருக்கும் தொழிலாளிகளையும் மறக்காதீர்கள். சுவரில் ஒட்டியிருக்கும் தமிழ் அறிவிப்பைப் படிக்கத் தெரியாத அவர்களை நமக்கு எதிராகத் திருப்புவது முதலாளிக்குச் சுலபம். அவர்களுக்கு நாம் தமிழ் எழுத்தைச் சொல்லித் தந்தால், கூடவே நட்பும் வளரும்.

இவற்றோடு கோரிக்கைகளையும் முன்வைப்போம். ஒன்று, எழுத்தறியாத தொழிலாளிகள் உள்ள ஒவ்வொரு ஆலையிலும் வேலை நேரத்துக்குள்ளேயே, கூலியோடு, வாரத்தில் சில மணி நேரம் படிப்புக்கு ஒதுக்க வேண்டும். இரண்டு, சம்பளச் சீட்டு தொழிலாளிக்குத் தெரிந்த மொழியில், தெளிவாக இருக்க வேண்டும். மூன்று, முதியோர் கல்விக்கு சர்க்கார் போதுமான பணம் ஒதுக்கி, கற்பிப்பவர்களுக்கு ஊதியம் கொடுக்க வேண்டும். நான்கு, ஒவ்வொரு கிராமத்திலும் நூலகம் மாலையில் கூலிக்காரர்கள் வேலை முடிந்து வரும் நேரத்தில் திறந்திருக்க வேண்டும்.

இந்தத் தலையங்கத்தை வாசிக்கும் தோழர்களே! நீங்கள் வாசிக்கிறீர்கள். உங்கள் பக்கத்தில் நின்று வேலை செய்யும் ஒருவர் இதை வாசிக்க முடியாமல் இருக்கலாம். முதலில் அவருக்கு இதை உரக்கப் படித்துக் காட்டுங்கள். பிறகு அவர் பெயரை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள். அவர் கையில் பென்சிலைக் கொடுங்கள். அடுத்த சம்பள நாளில் அவர் சீட்டை மடியில் செருகாமல், வாசலில் நின்று, பிடித்தம் எவ்வளவு என்று விரல் வைத்துப் படிக்கட்டும். கணக்குத் தப்பாக இருந்தால் அன்று மாலையே சங்க ஆபீசுக்கு வரட்டும்.

கைநாட்டுக்கு முடிவு கட்டும் வேலையை இந்த வாரமே தொடங்குமாறு எல்லாக் கிளைகளையும் கேட்டுக்கொள்கிறோம்.